கோழிக்கூடு நாறினால் முதலில் கட்டையைப் பாருங்கள்

கடந்த ஆண்டு மழைக்காலம் தொடங்கிய வாரம். இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், எங்க பாட்டியோட கோழி எட்டையும் அப்பா விக்கப் போறாரு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

விசாரித்தேன். அவர்கள் வீடு கிள்ளானில் காப்பார் பக்கம் இருக்கும் பழைய கம்பத்து வீடு. பின்புறம் பாட்டி எட்டுக் கோழிகள் வளர்க்கிறார். நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்துவிட்டார். அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, இரண்டு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் கூட்டையே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு நான் அங்கே போனேன். கூட்டுக்குப் பத்தடி தூரத்திலேயே மூக்கில் சுருக்கென்று ஏறியது. பாட்டிக்கு மனம் நொந்து போயிருந்தது. "நான் ஒருநாள்கூட விட்டதில்ல டீச்சரம்மா. தெனமும் காலையில பைப்ப திறந்து விட்டு கழுவுறேன், குளோராக்ஸ் ஊத்துறேன். அப்புறமும் ஏன் நாறுது?" என்றார்.

மாணவர்களே, இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்தக் கட்டுரை. விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தினமும் கழுவியதால்தான் நாறியது. அதோடு, அந்தக் கூட்டில் கோழிகள் உட்கார்ந்து தூங்க ஒரு கட்டைகூட இல்லை. இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம்.

கோழி ஏன் உயரம் தேடுகிறது?

கோழிகள் அடையும் நேரத்தில் ஒரு கூட்டின் முன் கால் மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து பாருங்கள். நம் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணியிலிருந்து ஏழரை மணிக்குள் சூரியன் மறைகிறது. வெளிச்சம் குறையக் குறைய கோழிகள் பரபரக்கும். கழுத்தை நீட்டி மேலே பார்க்கும். எது உயரமோ அதில் ஏறப் பார்க்கும். பகலில் வண்ணங்களை நம்மைவிட நுட்பமாகப் பிரித்தறியும் அந்தக் கண், இருட்டில் அவ்வளவாகப் பயன்படாது. இருட்டிவிட்டால் கோழி ஏறக்குறைய குருடுதான். அதற்குள் பத்திரமான இடம் பிடித்தாக வேண்டும்.

வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. மலாயில் ஆயாம் ஹூத்தான் என்பார்கள். நம் நாட்டுக் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இன்றும் அது திரிகிறது. பகலெல்லாம் தரையைக் கிளறித் தின்னும் இப்பறவை, இரவில் மரத்தில் ஏறித்தான் தூங்கும். நூற்றுக்கணக்கான கோழிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டுக்கோழி 'ஸ்பாடிசியஸ்' என்ற துணையினத்திலிருந்து வந்தது என்று காட்டியது. கோழி வீட்டுப்பறவையான இடம் தென்மேற்குச் சீனா, வடதாய்லாந்து, மியன்மார் சேர்ந்த பகுதி என்று அந்த ஆய்வு கருதுகிறது. ஆனால் அதே துணையினம் நம் தீபகற்பத்திலும் வாழ்கிறது. ஆக, பாட்டியின் கோழிகளுக்கு நம் காட்டில் நெருங்கிய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

ரப்பர் தோட்டத்து லயன்களில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். கூடு இருந்தாலும் சில கோழிகள் ரம்புத்தான் மரத்திலோ கொய்யா மரத்திலோ போய் உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். அது அடங்காத கோழி அல்ல. தன் இயல்பை மறக்காத கோழி.

பாட்டியின் கூட்டில் அன்று நான் கண்டது இது. இரண்டு கோழிகள் கதவின் விளிம்பில் தொற்றிக்கொண்டு ஆடின. மூன்று கோழிகள் முட்டையிடும் பெட்டிக்குள் நெருக்கியடித்துப் புகுந்தன. மீதி மூன்றும் ஈரத் தரையிலேயே, தங்கள் எச்சத்தின் மேலேயே வயிற்றை வைத்துப் படுத்தன. காலையில் முட்டையெல்லாம் அழுக்காக இருக்கிறது என்று பாட்டி சொன்னதன் காரணமும் அப்போது விளங்கியது. பெட்டியில் தூங்கினால் பெட்டியிலேயே எச்சமும் இடும்.

ஒரு கோழிக்கால் பரிசோதனை

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருப்பவர்கள், "எங்களால் கோழி வளர்க்க முடியாதே" என்று சொல்ல வேண்டாம். சந்தையில் கோழிக்கால் கிடைக்கும். ஒன்று வாங்கி வாருங்கள். வெட்டுப்பட்ட மேல்முனையில் வெள்ளை நாடா போன்ற இழைகள் தெரியும். இவை தசைநாண்கள். காலின் பின்பக்கமுள்ள ஒன்றை இடுக்கியால் பிடித்து இழுங்கள். விரல்கள் மடங்கும். விட்டால் தளரும். முன்பக்கமுள்ள ஒன்றை இழுத்தால் விரல்கள் விரியும். செய்து முடித்ததும் கையையும் இடுக்கியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

இதை வைத்துப் பல நூல்கள் ஒரு விளக்கம் சொல்லும். பறவை உட்காரும்போது கால் மடங்குகிறது, அதனால் தசைநாண் தானாக இழுபடுகிறது, விரல்கள் கட்டையைப் பூட்டிக்கொள்கின்றன, ஆகவே தூங்கினாலும் விழாது என்பது அது. நானும் பயிற்சிக் கல்லூரியில் அப்படித்தான் படித்தேன். ஆனால் 2012இல் ஸ்டார்லிங் என்னும் சிறு பறவையை ஆராய்ந்தவர்கள், தூங்கும் பறவையின் விரல்கள் கட்டையை இறுக்கிப் பிடிப்பதில்லை, கால் மடங்குவதால் மட்டும் விரல்கள் மடங்குவதில்லை என்று கண்டார்கள். பறவை விழாமல் இருப்பது பெரும்பாலும் எடையைச் சமன்செய்வதால்தான் என்பது அவர்கள் முடிவு. பாடநூலில் அச்சாகிவிட்டது என்பதற்காக ஒரு விளக்கம் சரியாகிவிடாது.

சமநிலைதான் முக்கியம் என்றால் கட்டையின் வடிவமும் முக்கியம். மெல்லிய குச்சியிலும் வழுக்கும் பிவிசி குழாயிலும் கோழிக்குச் சமநிலை கிடைக்காது. இரும்புக் குழாயும் அப்படித்தான். இரண்டுக்கு இரண்டு அங்குலச் சட்டம், அதாவது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம், நல்ல அளவு. மேல் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து உருட்டிவிட வேண்டும். கூரிய ஓரம் உள்ளங்காலை அழுத்தினால் புண் வரும், அது சீழ்பிடித்து வீங்கும்.

உயரம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் போதும். உடல் கனத்த கோழிகளுக்கு 45. "காட்டுக்கோழி மரத்தின் உச்சியில் தூங்குகிறதே" என்று கேட்பீர்கள். அது எடை குறைந்த பறவை, இறங்கும்போது பறந்து இறங்க இடமும் இருக்கிறது. குறுகிய கூட்டில் கனத்த கோழி ஒவ்வொரு காலையும் உயரத்திலிருந்து தொப்பென்று குதித்தால் கால்தான் கெடும். ஒன்று மட்டும் கவனம்: முட்டைப் பெட்டி கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். பெட்டி உயரமாக இருந்தால் கோழி பெட்டியைத்தான் தேர்ந்தெடுக்கும்.

ஒரு கோழிக்கு எவ்வளவு இடம்? குளிர்நாட்டு வழிகாட்டிகள் 20 சென்டிமீட்டர் போதும் என்பார்கள், அங்கே நெருங்கி உட்கார்ந்தால் கதகதப்பு. நமக்கு அது ஒத்துவராது. கோழியின் உடல்வெப்பம் 41 பாகை செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றும். எனவே இங்கே 25 சென்டிமீட்டராவது வேண்டும். எட்டுக் கோழிக்கு 2 மீட்டர் கட்டை. கூரை துத்தநாகத் தகடு என்றால், கோழியின் தலைக்கும் தகட்டுக்கும் இடையே அரை மீட்டராவது இடைவெளி விடுங்கள், கூரையடியில் சுற்றிலும் காற்றுப்போக வழி வையுங்கள். சூடான ஈரக்காற்று மேலே எழும்பும், வெளியேற வழி இல்லாவிட்டால் அங்கேயே தங்கும்.

இரண்டு கட்டைகள் தேவைப்பட்டால் ஏணிப்படி போல ஒன்று மேல் ஒன்று தாழ வைக்காதீர்கள். ஒரே உயரத்தில் வையுங்கள். இதன் பின்னால் ஒரு சிறுவனின் கதை இருக்கிறது. நார்வே நாட்டில் தோர்லெயிஃப் ஷெல்டெருப்-எபே என்பவர் சிறுவயதிலேயே கோழிகளைக் கவனித்து, எது எதைக் கொத்துகிறது என்று குறிப்பெழுதி வந்தார். வளர்ந்தபின் 1921இல் அதை ஆய்வாக வெளியிட்டார். ஒவ்வொரு கோழிக்கும் கூட்டத்தில் ஒரு தரம் உண்டு, மேலே உள்ளது கீழே உள்ளதைக் கொத்தும், கீழே உள்ளது திருப்பிக் கொத்தாது என்பதுதான் 'கொத்தும் வரிசை'. உயரமான கட்டை ஒன்றே ஒன்று என்றால், தினமும் மாலையில் அந்த வரிசைச் சண்டை நடக்கும். தோற்ற கோழி மீண்டும் முட்டைப் பெட்டிக்குப் போகும். மேலும், கீழ்க்கட்டையில் இருப்பதன் தலையில் மேல்கட்டையின் எச்சம் விழும்!

வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கோழியை உற்றுப் பார்த்தால் சில வேளை ஒரு கண் மட்டும் திறந்திருப்பதைக் காணலாம். பறவைகளால் மூளையின் ஒரு பாதியைத் தூங்கவிட்டு மறுபாதியை விழிக்க வைக்க முடியும். 1999இல் வெளியான வாத்து ஆய்வு ஒன்றில், வரிசையின் ஓரத்தில் தூங்கிய வாத்துகள் வெளிப்புறம் பார்த்த கண்ணையே அதிகம் திறந்து வைத்திருந்தன.

வெள்ளை நுனியில் இருக்கும் வேதியியல்

இனி நாற்றத்துக்கு வருவோம். கோழி எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளையாக ஒன்று இருக்குமே, அதுதான் கோழியின் சிறுநீர். நாம் நைட்ரஜன் கழிவை யூரியாவாக நீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவைகள் அதை யூரிக் அமிலமாக, ஏறக்குறைய திடப்பொருளாக வெளியேற்றுகின்றன. முட்டைக்குள் இருக்கும் கரு வெளியே போய்ச் சிறுநீர் கழிக்க முடியாது. கரையும் கழிவாக இருந்தால் ஓட்டுக்குள் நிறைந்து கருவையே நஞ்சாக்கிவிடும். கரையாத யூரிக் அமிலம் ஒரு மூலையில் சும்மா கிடக்கும்.

யூரிக் அமிலம் தானாக நாறுவதில்லை. உலர்ந்த எச்சத்தை முகர்ந்தால் அவ்வளவாக வாடை வராது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாகச் சிதைத்து யூரியாவாக்கி, யூரியாவை அமோனியாவாக்கும். அந்த அமோனியாதான் மூக்கில் சுருக்கென்று ஏறியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடும். எட்டுக் கோழிக்கு 800 கிராம். அதில் முக்கால் பங்கு நீர், அதாவது 600 மில்லிலிட்டர். நாள்தோறும் ஒரு சிறு குடிநீர்ப் புட்டியைவிட அதிகமான நீரைக் கோழிகளே தரையில் கொட்டுகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, காற்றும் எப்போதும் ஈரம். ஏற்கெனவே உலர மறுக்கும் இந்த இடத்தில்தான் பாட்டி தினமும் குழாயைத் திறந்துவிட்டார். நீர் எச்சத்தைக் கொஞ்சம் அடித்துச் சென்றது. மீதியைப் பலகை இடுக்குகளில் கரைத்து ஊற வைத்தது. பாக்டீரியாக்களுக்கு இதைவிட நல்ல விருந்து ஏது?

"எங்களுக்கு அவ்வளவா தெரியலையே" என்று மாணவியின் அப்பா சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதற்குப் பழகி, மூளைக்குச் செய்தி சொல்வதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் வளர்ப்பவருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும்.

ஆகவே மூக்கை நம்பாமல் லிட்மஸ் தாளை நம்பினோம். சிவப்பு லிட்மஸ் தாளை நீரில் நனைத்து, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நூலில் தொங்கவிட்டோம். அமோனியா காரத்தன்மை கொண்ட வாயு. நீரில் கரைந்து சிவப்புத் தாளை நீலமாக்கும். அன்று ஒரு நிமிடத்துக்குள் நீலமானது. தாளை ஏன் அவ்வளவு தாழ்வாக வைத்தோம்? கோழியின் மூக்கு அங்கேதானே இருக்கிறது! நின்றுகொண்டு முகர்ந்தால் கோழி சுவாசிக்கும் காற்று நமக்குத் தெரியாது. குந்தி உட்கார்ந்து முகர வேண்டும். கோழிப்பண்ணைகளில் அமோனியா பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அதிகமானால் மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்கள் சேதமாகும். பிறகு சளி, நோய், முட்டை குறைவு எல்லாம் வரிசையாக வரும்.

குளோராக்ஸ், சுண்ணாம்பு, சாம்பல்

பாட்டி இன்னொன்றும் சொன்னார். கழுவும்போது கண் எரிகிறதாம், தொண்டை கமறி இருமல் வருகிறதாம், கொஞ்ச நேரம் வெளியே வந்து நின்றால் போய்விடுகிறதாம். "வயசாச்சில்ல" என்று அவரே காரணமும் சொன்னார். எனக்குப் பகீரென்றது.

மாணவர்களே, இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். குளோராக்ஸ் போன்ற வெளுக்கும் திரவத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கிறது. அது அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு உண்டாகும். கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். அடைத்த இடத்தில் அதிகமாகச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. ஈர எச்சத்தின் மேல் குளோராக்ஸ் ஊற்றுவது இந்த இரண்டையும் கையால் கலப்பதற்குச் சமம். வாடை போகட்டும் என்று கழிவறை கழுவும் அமிலத்தையும் சேர்த்து ஊற்றினால் இன்னும் மோசம், குளோரின் வாயுவே வெளிவரும். இவ்வளவு செய்தும் கிருமி சாகாது. எச்சம் போன்ற கரிமப்பொருள் இருக்கும் இடத்தில் ஹைப்போகுளோரைட் அதோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும்.

சிலர் சுண்ணாம்பு தூவுவார்கள். நான்காம் ஐந்தாம் படிவ மாணவர்கள் சற்று யோசியுங்கள். அமோனியம் உப்போடு காரத்தைச் சேர்த்தால் என்ன வாயு வரும்? ஆய்வுக்கூடத்தில் செய்வதைத்தான் ஈரக் கூட்டில் சுண்ணாம்பு செய்கிறது. அடங்கிக் கிடக்கும் அமோனியாவைக் கிளப்பிவிடும். விறகுச் சாம்பலும் காரம்தான். சாம்பலைப் பாட்டிமார் பயன்படுத்தியது தவறில்லை, இடம்தான் வேறு: அதைப் பிறகு சொல்கிறேன்.

கூட்டை மாற்றிய கதை

ஞாயிற்றுக்கிழமை மாணவியின் அப்பா ஹார்ட்வேர் கடையில் சட்டம் வாங்கி வந்தார். கட்டையை ஆணி அடிக்கவில்லை. இரு பக்கச் சுவரிலும் வாய் திறந்த பள்ளம் செதுக்கிய துண்டுகளைப் பொருத்தி, அதில் கட்டையைச் சும்மா வைத்தோம். தூக்கினால் வந்துவிடும். ஏன் என்றால் செள்.

கோழிச்செள் வகைகளில் ஒன்று பகலில் கோழியின் உடலில் இருக்காது. கட்டையின் வெடிப்பிலும் மூட்டிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாலும் அகப்படாது. இரவில் ஒரு வெள்ளைத் தாளால் கட்டையின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் செள் இருக்கிறது. வெப்பமான நாட்டில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது ஒரு தலைமுறை பெருகிவிடும். எனவே வாரம் ஒருமுறை கட்டையை வெளியே எடுத்து, பெரியவர் ஒருவர் கொதிநீர் ஊற்ற, வெயிலில் காயவிட வேண்டும். மூங்கில் மலிவு, உறுதி, ஆனால் உள்ளே கூடாக இருப்பதால் செள்ளுக்கு அது அடுக்குமாடி வீடு. முனைகளை அடைத்தால் பயன்படுத்தலாம்.

சாம்பலுக்கு உரிய இடம் இதுதான்: கூரைக்குக் கீழே, மழை படாத மூலையில் ஒரு பழைய பேசினில் உலர்ந்த மண்ணும் கொஞ்சம் சாம்பலும் கலந்து வைத்தால் கோழிகள் அதில் புரண்டு புழுதிக்குளியல் போடும். இறகில் ஒட்டியிருக்கும் பேனும் செள்ளும் குறையும்.

கட்டைக்கு ஒரு சாண் கீழே ஒரு பலகையை இழுப்பறை போல வைத்தோம். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்தது இந்தப் பலகைதான். கோழி இரவெல்லாம் ஒரே இடத்தில் உட்காருவதால் அதன் எச்சத்தில் பெரும்பகுதி ஒரே வரிசையில் விழுகிறது. கட்டை இல்லாத கூட்டில் தரை முழுவதும் அழுக்கு, கட்டை உள்ள கூட்டில் அழுக்குக்கு முகவரி இருக்கிறது. பலகையில் மெல்லியதாக நெல் உமி பரப்பினோம். செகிஞ்சான், தஞ்சோங் காராங் பக்கம் உறவினர் இருந்தால் உமி எளிதாகக் கிடைக்கும், இல்லாவிட்டால் மரச்சீவல். காலையில் சுரண்டி வாளியில் போட ஐந்து நிமிடம். தண்ணீரே வேண்டாம்.

தரையில் நான்கு விரல் உயரத்துக்கு உமி. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், அந்த இடத்தை அள்ளிவிட்டுப் புதிய உமி போட வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்தால் சிந்துவது குறையும். தினமும் மாற்றினால் ஏடிஸ் கொசுவுக்கும் இடமில்லை.

நாள்தோறும் சுரண்டுவதற்கு நாற்றம் மட்டும் காரணமில்லை. இரத்தக்கழிச்சல் நோயை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஓரணு உயிரி எச்சத்தில் முட்டைபோன்ற உறையில் வெளியேறும். வெளியேறியவுடன் அது நோயைத் தராது. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்து, ஒன்றிரண்டு நாள் கழித்தே தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் அள்ளிவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். ஈயும் அப்படியே. முட்டையிலிருந்து பறக்கும் ஈயாவதற்கு நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் வேண்டும்.

முழுச் சுத்தம் மாதம் ஒருமுறை, வெயில் நாளில். முதலில் உலர்ந்த நிலையில் எல்லாவற்றையும் சுரண்டிப் பெருக்க வேண்டும். பிறகு சவர்க்கார நீரில் தேய்த்துக் கழுவி, காயவிட வேண்டும். அதன் பிறகுதான், எச்சம் துளியும் இல்லாத பலகையில், ஒரு பங்கு குளோராக்சுக்கு 30 பங்கு நீர் என்று கலந்து, திறந்தவெளியில், பெரியவர் பூசலாம். காய்ந்து வாடை போனபின் கோழிகள் உள்ளே போகலாம். இந்த வேலைகளுக்கு முகக்கவசம் போடுங்கள், தனிச் செருப்பு வையுங்கள், முடிந்ததும் சவர்க்காரத்தில் கை கழுவுங்கள். நலமாகத் தெரியும் கோழியின் குடலிலும் சால்மொனெல்லா இருக்கலாம்.

அள்ளிய எச்சத்தை வடிகாலில் தள்ளாதீர்கள். ஒரு பங்கு எச்சத்துக்கு இரண்டு மூன்று பங்கு உமியோ காய்ந்த இலையோ கலந்து குவியுங்கள். குவியலின் உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும். சில நாள் அந்தச் சூடு நின்றால் பெரும்பாலான கிருமிகள் சாகும். மூன்று மாதமாவது மக்கவிட்டுச் செடிக்குப் போடலாம். பச்சையாகப் போட்டால் வேர் கருகும்.

செர்டாங்கிலிருந்து ஒரு மருந்து

நோய் என்றதும் நம் வட்டாரத்தின் நினைவு ஒன்று வருகிறது. 2006 பிப்ரவரியில் கோலாலம்பூர் செத்தாப்பாக் பகுதியிலும், 2007 ஜூனில் சுங்கை பூலோ அருகே கம்போங் பாயா ஜாராஸ் ஹிலிரிலும் வீட்டுக்கோழிகள் மடிந்தன. எச்5என்1 பறவைக் காய்ச்சல். பெரிய பண்ணையில் அல்ல, வீட்டுப் பின்புறத்தில் திரிந்த கோழிகளில். சுற்றுவட்டாரக் கோழிகள் அழிக்கப்பட்டன. மனிதர் எவருக்கும் அப்போது தொற்று உறுதியாகவில்லை. இந்த வைரஸ் எச்சத்தில் வெளியேறுவதால், காட்டுப்பறவைகளின் எச்சம் தீனியிலோ நீரிலோ விழாமல் கூரைக்குக் கீழே வைப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய காப்பு. பல கோழிகள் திடீரென்று மடிந்தால் கையால் தொடாமல், புதைக்காமல், கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

அதைவிட அடிக்கடி வருவது நியூகாசல் நோய். தமிழ்நாட்டில் இராணிக்கெட், வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். இதற்குத் தடுப்பு மருந்து எப்போதோ வந்துவிட்டது. ஆனால் கம்பத்துக் கோழிக்கு அதைக் கொடுப்பது எப்படி? மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், கோழியைப் பிடிக்க வேண்டும். மரத்தில் தூங்கும் கோழியைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

1980களில் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில், இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், லத்திஃப் இப்ராஹிம், ஐனி இட்ரிஸ் ஆகியோர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஸ்ப்ராட்பிரோவுடன் சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். வி4 என்ற, நோய் தராத வைரஸை 56 பாகை செல்சியசில் சூடாக்கிச் சூடாக்கி, தாக்குப்பிடித்தவற்றையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். வெப்பத்தைத் தாங்கும் அந்த வைரஸைத் தீனியில் பூசிக் கொடுத்தார்கள். கோழியைப் பிடிக்கவே வேண்டாம், தானாகத் தின்னும். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வை ஒரு சோதனைக் குழாய்க்குள் நடத்திய மாதிரி. இந்த வழி பின்னர் ஆசிய, ஆப்பிரிக்கக் கிராமங்களில் சோதிக்கப்பட்டது.

உங்கள் வீட்டில் கூடு வைக்க விரும்பினால் முதலில் உங்கள் நகராண்மைக் கழகத்தில் விதிமுறையைக் கேளுங்கள், இடத்துக்கு இடம் வேறுபடும். கம்பி வலையும் பார்த்து வாங்குங்கள். அறுகோணக் கண் கொண்ட கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், எலியையும் மலைப்பாம்புக் குட்டியையும் வெளியே வைக்காது. அரை அங்குலச் சதுரக் கண் கொண்ட பற்றவைத்த கம்பிதான் வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த கிள்ளான், ஷா ஆலாம் மக்களுக்குக் கூட்டைக் கால் வைத்து உயர்த்திக் கட்டச் சொல்லத் தேவையில்லை.

பாட்டியின் கோழிகளுக்குக் கட்டையைப் பழக்க நான்கு மாலைகள் ஆயின. ஏழே கால் மணிக்கு முட்டைப் பெட்டிகளை அட்டையால் மூடினோம். இருட்டியதும் தரையில் படுத்தவற்றை மாணவி ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டையில் உட்கார வைத்தாள். இருட்டில் கோழி சண்டை போடாது. ஐந்தாம் நாள் அவை தாமாகவே ஏறின.

பன்னிரண்டாம் நாள் மீண்டும் சிவப்பு லிட்மஸ் தாளைத் தொங்கவிட்டோம். ஐந்து நிமிடம் கழித்தும் விளிம்பில் மட்டும் இலேசான நீலம். இரண்டு தாள்களையும் மாணவி தன் குறிப்பேட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, தேதி எழுதி வைத்திருக்கிறாள். அதிகாரி வந்தபோது அதையும் எடுத்துக் காட்டினாளாம். அவர் கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, பாட்டியிடம் உமி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். பாட்டிக்குக் காலை இருமல் இப்போது இல்லை.

எட்டில் ஏழு கோழிகள் கட்டையில் தூங்குகின்றன. கறுப்புக் கோழி ஒன்று மட்டும் இன்னும் ஏழு மணிக்கெல்லாம் கொய்யா மரத்தில் ஏறிவிடுகிறது. அதை இறக்க மாணவி நாள்தோறும் ஏணி எடுக்க வேண்டியிருக்கிறது.